தெள்ளு புகுந்த வீடு

மகன் போன பிறகு அந்த மூன்றாவது மாடி வீட்டில் மிஞ்சியது நாலு உயிர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் மாமனார், கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கும் மருமகள், அப்புறம் இரண்டு பூனைகள். மாமியார் முன்பே, மகன் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, கண்ணை மூடிவிட்டாள். பூனைகள் மகன் கொண்டுவந்தவை. வெள்ளை வெளேரென்று கொழுத்திருந்த ஆண் பூனைக்குத் துரை என்று பேர். நாற்காலியில் நாம் உட்கார்ந்திருந்தால் எதிரே வந்து நின்று, எழுந்திரு என்பதுபோல் பார்க்கும். சாம்பல் நிறத்தில் ஒடிசலாக இருந்த பெண் பூனை பிசின். மகன் பள்ளியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் தோளில் ஏறி ஒட்டிக்கொள்ளும், அதனால் அந்தப் பேர். அவன் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். படம் போடும்போதும் அது மடியில்தான் கிடக்கும்.

இரண்டும் வாசற்படி தாண்டியதில்லை. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருந்தது. மாமனாருக்குப் பூனை என்றால் ஆகாது. "இந்த வீட்டுல அதுங்கதான் குடியிருக்கு, நாமெல்லாம் விருந்தாளி" என்று மகன் காதுபடவே சொல்லுவார். மகன் சிரித்துக்கொண்டே, விருந்தாளி கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்பான்.

இப்போது அப்படியெல்லாம் பேச ஆள் இல்லை. மாமனாரும் மருமகளும் சண்டை போட்டதில்லை. முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதும் இல்லை. பெரிய கண்ணாடிப் பலகை ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறவர்களைப்போல, பார்த்து, மெதுவாக, என்கிற அளவுக்குத்தான் பேச்சு. சாப்பாடு இருக்கு. சரிம்மா. இன்னைக்கு லேட்டாகும். சரி மாமா. அவள் அண்ணன் வெளியூரிலிருந்து அடிக்கடி போன் செய்து, வந்துவிடு, இங்கே ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்று கூப்பிடுவது அவருக்குத் தெரியும். அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

முதலில் அவர் கவனித்தது அவள் கணுக்காலை. சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு, வரிசை பிடித்தாற்போல. கொசு என்றாள். அவருக்கும் அரித்தது, கொசுவாகத்தான் இருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார். பிறகு ஒரு காலை துரை பின்னங்காலால் கழுத்தை விறாண்டு விறாண்டென்று விறாண்டிக்கொண்டிருந்தபோது, அவள் அதன் வெள்ளை மயிரைப் பிரித்துப் பார்த்தாள். அடியில் மிளகுத்தூளைத் தூவினமாதிரி கரும்பொடி. அதில் கொஞ்சத்தை ஈரக் காகிதத்தில் தட்டினாள். பொடியைச் சுற்றித் துருப்பிடித்த சிவப்பாக ஈரம் பரவியது.

"தெள்ளுப்பூச்சி மாமா. இது அதோட கழிவு. குடிச்ச ரத்தம்தான் இப்படி ஊறுது."

"வெளியவே போகாத பூனைக்குத் தெள்ளு எங்கேர்ந்தும்மா வரும்?" என்றார். தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டார். ஏனென்றால், எங்கிருந்து என்று அவருக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது.

அவளிடம் சொல்லாத ஒரு பழக்கம் அவருக்கு இருந்தது. வேலை முடிந்து வரும்போது ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடுவார். பிரேக் பிடிக்காத லாரி ஒன்று நடைபாதையில் ஏறியபோது மகன் நின்றிருந்த நிறுத்தம் அது. முதலில் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனார். மறுநாளும் கால் அங்கேயே இறங்கியது. இருட்டும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அழுவதில்லை, எதையும் நினைப்பதாகக்கூடத் தெரியாது. பெஞ்சுக்கு அடியில் ஒரு பழுப்பு நாய் படுத்திருக்கும், ஒரு காது கிழிந்தது. நாளாவட்டத்தில் அது அவர் பூட்ஸ்மேல் தலையை வைத்துத் தூங்க ஆரம்பித்தது. அவரும் காலை நகர்த்தாமல் இருக்கப் பழகினார். வீட்டில் கேட்டால் ஓவர்டைம் என்பார். நாய் ஓயாமல் சொறிவதைப் பார்த்து, பிராணிகள் மருந்துக்கடையில் கேட்டு, கழுத்தில் விடும் சொட்டு மருந்து ஒரு பெட்டி வாங்கினார். அது இன்னும் பிரிக்காமல் அவருடைய டூல்ஸ் பையில்தான் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை, கடை திறந்திருந்ததால் அவளுக்கு வேலை. அவள் வருவதற்குள் இந்தத் தெள்ளு விஷயத்தைக் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. பெட்டியில் நாய்ப் படம் போட்டிருந்தது. தெள்ளு நாய்மேல் இருந்தால் என்ன, பூனைமேல் இருந்தால் என்ன, மருந்து கொல்லப்போவது தெள்ளைத்தானே என்று நினைத்தார். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. அவள் அளவெடுத்துச் செய்துகொடுத்த கண்ணாடி அலமாரிமேல்தான் இருந்தது. எழுந்துபோய் எடுக்கவில்லை.

துரையைப் பிடிக்கப் போனார். அது அவர் முகத்தைப் பார்த்ததுமே ஆளைப் புரிந்துகொண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. பிசின் அப்படியில்லை. கூப்பிடாமலே வந்து மடியில் ஏறியது. மகன் போனதிலிருந்து யார் மடி காலியாக இருந்தாலும் அது ஏறிவிடும். பிடரி மயிரைப் பிரித்து, குப்பியை முழுசாகப் பிழிந்தார். நல்ல வேலை செய்துவிட்ட திருப்தியில் டீ போட்டுக் குடித்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு மேல் அதன் காது துடிக்க ஆரம்பித்தது. பாதத்தில் தண்ணீர் பட்டதுபோல் ஒவ்வொரு காலாக உதறியது. பிறகு வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. பக்கத்தில் போய்ப் பார்ப்பதற்குள் சாய்ந்து விழுந்து, உடம்பு முழுக்க நடுங்க, கால்களை விறைத்துக்கொண்டது.

நடுமாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்டுக்குள் பத்துப் பேர் கத்தினாலும் பதறாத மனிதர். அன்றைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருமகளுக்குப் போன் செய்து, பூனைக்கு மருந்து விட்டேன், இழுக்குது என்றார்.

"என்ன மருந்து? பெட்டில என்ன படம் போட்டிருக்கு?"

"நாய்."

அவள், வைங்க, டாக்டரைக் கேட்டுட்டுக் கூப்பிடறேன் என்றாள். உடனே கூப்பிட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு மருந்து விட்ட இடத்தைக் கழுவச் சொன்னாள், தலை நனைந்தால் பரவாயில்லை, மூக்கில் தண்ணீர் போகக்கூடாது, துண்டில் சுற்றி டாக்டரிடம் எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் நேராக அங்கே வந்துவிடுகிறேன். அவள் குரல் ஒரே சீராக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

நனைந்த பூனை இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஆட்டோவில் வழி நெடுக அதைச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு வந்தார். அதன் நடுக்கம் அவர் நெஞ்செலும்பில் கேட்டது.

மிருக டாக்டர் கட்டைக் குரலில் பேசுகிற பெண்மணி. பேச்சைவிட வேலைதான் முதலில். ஊசி போட்டு, குழாய் பொருத்தி, சூடான விரிப்பில் படுக்கவைத்து, நடுக்கம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் இவர்கள் பக்கம் திரும்பினார். நாய்க்கான இந்த மருந்தை நாயின் உடம்பு கரைத்து வெளியேற்றிவிடும், பூனையின் உடம்புக்கு அந்தச் சக்தி கிடையாது என்றார். நரம்பைத்தான் பிடிக்குமாம். பிழைக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் வாக்குக் கொடுக்கமாட்டேன், இங்கேயே இருக்கட்டும் என்றார்.

"வீட்டுல நாய் வளர்க்கிறீங்களா?"

"இல்ல" என்றாள் மருமகள்.

"அப்போ இந்த மருந்து எப்படி வந்துச்சு?"

மருமகளும் அவரைப் பார்த்தாள். பூசி மெழுக ஏதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டு நாய், தெரிந்தவர் நாய். ஈரச் சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, அவருக்கு அதற்கெல்லாம் தெம்பில்லை.

"பஸ் ஸ்டாப்ல ஒரு நாய் இருக்கு. நான் தினம் வேலை முடிஞ்சு அங்க போய் உட்கார்ந்துட்டு வரேன். அதுக்காக வாங்கினது."

எந்த பஸ் ஸ்டாப் என்று அவள் கேட்கவில்லை.

டாக்டர் அதைக் கேட்டதும், அப்படியானால் தெள்ளு உங்கள் பேண்ட்டில் ஏறித்தான் வீட்டுக்குள் வந்திருக்கும் என்றார். குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, நிறையப் பேர் வீட்டில் நடப்பதுதான் என்றார். பூனைமேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வீட்டில் இருக்கிறது. பூனை படுக்கும் இடத்திலெல்லாம் முட்டை உதிரும், புழுவாகும், கூடு கட்டிக்கொண்டு உள்ளே காத்திருக்கும். அந்தக் கூட்டை மருந்து தொடாது. காலடி அதிர்வும் உடம்புச் சூடும் தெரிந்தால்தான் வெளியே குதிக்கும். ஆகவே பூனைக்கென்று தயாரித்த மருந்தை இரண்டுக்கும் விடவேண்டும், படுக்கை துணிமணி எல்லாவற்றையும் கொதிக்கக் கொதிக்கத் துவைக்கவேண்டும், தூசி உறிஞ்சும் மெஷினை மூலை முடுக்கு விடாமல் தினமும் ஓட்டவேண்டும், பல வாரம் விடாமல்.

"ஒரு ரூமை விட்டுட்டாலும் பட்ட பாடு வீண்" என்றார் டாக்டர். வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள், எந்த அறையில் அதிகம் என்று அதுவே காட்டிக்கொடுக்கும் என்றும் சொன்னார்.

பிசினை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் வீடு திரும்பினார்கள். உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போது அவள், "ஓவர்டைம்னு சொன்னீங்களே" என்றாள். ஆமாம்மா என்றார். அவ்வளவுதான். அவள் தன் அறைக்குள் போய், ஒரு சாவியோடு வந்தாள். மகன் படம் போடும் அறையின் சாவி. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் கிளம்பிப் போன அன்று அவள் பூட்டியது. அதற்கப்புறம் அந்தக் கதவு திறந்து அவர் பார்த்ததில்லை.

"அந்த ரூம்லதான் மாமா நிறைய இருக்கும்."

"அது பூட்டியே தானேம்மா கிடக்கு?"

"காலைல நீங்க வேலைக்குப் போனதும் திறப்பேன். கடைக்குக் கிளம்புற வரைக்கும் நானும் அதுங்களும் அங்கதான் படுத்திருப்போம்."

அவர் சாவியை வாங்கிக்கொண்டார். அவரிடம் வெள்ளை சாக்ஸ் இல்லை. மகனுடைய பழைய விளையாட்டு சாக்ஸை அவளே எடுத்துக்கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து, கம்பளத்தின்மேல் நாலடி நடந்து நின்றார். சுவரோரம் சாய்த்துவைத்த படப்பலகைகள், ஜன்னல் பக்கம் துணி சோபா, அதன் மெத்தையில் ஒருவர் சுருண்டு படுத்த பள்ளம். குனிந்து பார்த்தார். சாக்ஸில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு அருவருப்பு வரவில்லை. இவ்வளவு நாள் பசியோடு காத்துக் கிடந்திருக்கின்றன என்றுதான் தோன்றியது.

மறுநாள் இருவரும் லீவு போட்டார்கள். துரைக்குச் சரியான மருந்தை டாக்டரே கொடுத்து அனுப்பியிருந்தார். அதைக் கழுத்தில் விட்டு, துரையைக் குளியலறையில் அடைத்தார்கள். அது இந்த அவமரியாதையைக் கதவு வழியாகத் தெருவுக்கே கேட்கும்படி தெரிவித்துக்கொண்டிருந்தது. அவள் மெஷினைப் பிடித்தாள். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து சோபாவைக் கழற்றினார். தையலோரங்களில் உப்புக்கல்போல வெள்ளை முட்டை, அதற்கிடையில் நூல் துணுக்குகள்போல் நெளியும் புழு. உறிஞ்சி எடுத்ததையெல்லாம் பையோடு கட்டிக் கீழே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். போகவர மாடிப்படியில் மூச்சு வாங்கியது.

சோபாவின் அடித்துணியைக் கிழித்தபோது உள்ளேயிருந்து டிவி ரிமோட் விழுந்தது. அது தொலைந்த அன்று மூன்று பேரும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டிருந்தார்கள். மாமனார்மேல் மகனுக்கும் மருமகளுக்கும் சந்தேகம். மாமனாருக்கு மகன்மேலும் துரைமேலும் சந்தேகம்.

"தான் எடுக்கவே இல்லன்னு அவன் அடிச்சு சொன்னானே" என்றார்.

"இதுமேலயே உட்கார்ந்துக்கிட்டுச் சொன்னார் மாமா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. சிரிப்பு ஓய்ந்ததும் அவள் கம்பளத்திலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எட்டு மாதமாக அவள் அழுது அவர் பார்த்ததில்லை. பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். அவருடைய கண்ணிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. துடைக்காமல் விட்டுவிட்டார்.

மதியத்துக்குமேல் துணிகள். திரைச்சீலை, விரிப்பு, தலையணை உறை என்று மெஷினில் ஒவ்வொரு சுற்றாகப் போனது. கடைசியில் அவள் கையில் ஒரு நீலச் சட்டை மிச்சமிருந்தது. காலரில் வண்ணக் கறை. அவன் கடைசியாகக் கழற்றிப்போட்டது. துவைக்காமல் அந்தச் சோபாவின் தலைமாட்டில் வைத்திருந்தாள். பூனைகள் அதன்மேல்தான் தூங்கும். அதன் மடிப்புகளிலும் அந்தக் கரும்பொடி இருந்தது.

"வாசம் போயிடும் மாமா" என்றாள்.

"போயிடும்மா."

கொஞ்சம் பொறுத்து அவர், இதை மட்டும் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி வைத்துவிடலாமா, உள்ளே இருப்பதெல்லாம் நாளடைவில் தானே செத்துப்போகும் என்று கேட்டுப்பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"கட்டி வச்சா தினம் அவிழ்த்துப் பார்ப்பேன்."

"நான் போடட்டுமா?"

"வேணாம். நானே போடறேன்."

ஒரு தடவை முகத்தில் வைத்து மூச்சு இழுத்தாள். பிறகு அவரிடம் நீட்டினாள். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. வாங்கி, அவரும் முகத்தில் வைத்துக்கொண்டார். பூனை வாசம்தான் முதலில் வந்தது, அடியில் எங்கேயோ மகன் இருந்தான். திருப்பிக் கொடுத்தார். அவள் மெஷினில் போட்டுக் கதவைச் சாத்தி, சூட்டை உச்சத்துக்குத் திருப்பினாள். அது ஓடி முடியும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

பிசின் பிழைத்தது. இரண்டு நாள் கழித்து டாக்டர் எடுத்துப்போகச் சொன்னார். கூண்டைத் திறந்ததும் தள்ளாடி வந்து, யார் விஷம் வைத்தாரோ அவர் மடியிலேயே ஏறிப் படுத்தது. அவருக்கு அந்த மன்னிப்பு கூசியது. மன்னிப்பெல்லாம் இல்லை மாமா, அதுக்கு ஞாபகம் இருக்காது என்றாள் மருமகள். அதைக் கேட்டு அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் தெள்ளு அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. டாக்டர் சொன்னபடியே கூட்டுக்குள் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. தினமும் காலையில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு, நெருக்கமான பல் சீப்பால் அவர் துரைக்கும் அவள் பிசினுக்கும் வாருவார்கள். சீப்பில் மாட்டியதைத் தண்ணீரில் உதறினால் முழுகும். வாரும்போது பேச்சு வந்தது. கண்கள் இரண்டும் கை இரண்டும் பூனைமேல் இருந்ததால் பேசுவது லேசாக இருந்ததோ என்னவோ. சின்ன வயதில் அவன் சுவரெல்லாம் கிறுக்கியதை இவர் சொன்னார். முதல் தடவை அவனுக்குப் பார்வை அளந்தபோது, எழுத்துப் பலகையை வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் படித்து நேரத்தை இழுத்ததை அவள் சொன்னாள். அவன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம்.

அந்த நாயைக் கவனிக்காவிட்டால் மறுபடியும் வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பெட்டியில் ஒரு குப்பி மிச்சமிருந்தது, அது நாய்க்கு உகந்த மருந்துதான். ஒரு சாயங்காலம் அவர் அதை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, நானும் வரேன் என்றாள். அவர் அவளுக்காகக் காத்து நின்றார்.

நிறுத்தத்தில் நடைபாதைக் கல்லெல்லாம் புதிதாகப் பதித்திருந்தார்கள். வளைந்த கம்பத்தை நிமிர்த்திப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நாய் அவரைக் கண்டு வாலை ஆட்டியது, அவளைக் கண்டு யோசித்தது.

"எந்த இடம் மாமா?"

கம்பத்துக்கும் பெஞ்சுக்கும் நடுவே காட்டினார். அவள் அங்கே போய் நின்றாள். ஒரு பஸ் வந்து கதவைத் திறந்தது, அவள் கையசைத்துப் போகச் சொன்னாள். அவர் நாயின் பிடரியைப் பிரித்து, இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு, சொட்டு மருந்தை விட்டார். வெகுநேரம் கழித்து அவள் பெஞ்சுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இங்க சத்தம் ஜாஸ்தியா இருக்கு, எப்படித் தினம் உட்கார்ந்தீங்க என்று கேட்டாள். சத்தம் எனக்குக் கேட்டதே இல்லைம்மா என்றார்.

சீப்பில் ஒன்றும் சிக்காத நாள் வந்தது. மறுநாளும் சிக்கவில்லை, அடுத்த வாரம் முழுக்கச் சிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் சொன்னாள். அண்ணனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். ஆனால் இங்கேயே இருக்கவும் முடியவில்லை. கடைக்குப் பக்கத்தில் இரண்டு அறை கொண்ட வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறாள்.

"உங்கள விட்டுட்டுப் போறேன்னு நினைக்காதீங்க மாமா."

"போகலன்னா நீ அந்த ரூமுலயே படுத்திருப்ப. நான் பஸ் ஸ்டாப்லயே உட்கார்ந்திருப்பேன். போம்மா."

பூனைகளை என்ன செய்வது என்று அவள் கேட்டாள், ஒன்று அவருக்கு ஒன்று தனக்கு என்றுகூடச் சொல்லிப்பார்த்தாள். இரண்டையும் பிரிக்கவேண்டாம், அழைத்துப்போ என்றார். கூண்டு இரண்டையும் அவரே தூக்கிப்போய் இறக்கினார். அன்று திரும்பி வந்தபோது வீடு அவ்வளவு சுத்தமாக இருந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றுகொண்டே இருந்தார். எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காரலாம், கேட்க ஆளில்லை.

நிறுத்தத்துக்குப் போவதை அவர் அடியோடு விட்டுவிடவில்லை. குறைத்துக்கொண்டார். நாய்க்கு மாதம் தவறாமல் மருந்து விடுகிறார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மருமகள் வீட்டுக்குப் போனபோது, அவள் கதவைப் பாதி திறந்து, உள்ளே விடாமல் அவர் பேண்ட்டை மேலும் கீழும் பார்த்தாள். நேத்து நாய்கிட்ட போனீங்களா என்றாள். போனேன் என்று ஒப்புக்கொண்டார். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு புதுப் பைஜாமா மாட்டியிருந்தது. அவர் அளவுக்கு வாங்கித் துவைத்தது, மடித்த கோடு இன்னும் கலையவில்லை.

"இது உங்களுக்குத்தான், இங்கயே தொங்கட்டும். பாத்ரூம்ல மாத்திக்கிட்டு வாங்க மாமா. டீ ஆறிடும்."